செக் எஞ்சின் லைற் எரிந்தால் முதலில் எங்கே பார்ப்பது

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தர்மபுரத்துக்குக் கிட்ட என் கராச் இருக்கிறது. இங்கே வருகிற கார்களில் பெரும் பங்கு ஒரே முறைப்பாட்டோடுதான் வரும். "அண்ணை, மஞ்சள் லைற் ஒண்டு எரியுது. ஆனா கார் நல்லாத்தான் ஓடுது." எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்குத்தான் செக் எஞ்சின் லைற்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஆட்கள் காணி விலை கொடுத்துப் பத்துப் பதினைந்து வயதுக் கார்களை வாங்கினார்கள். நெல் விற்ற காசு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பிய காசு. அது தேவையில்லாத சாமானுக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் வந்தாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, போக முதல் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஒயில் குடம் போன்ற சிவப்பு விளக்கோ, சூடு காட்டும் சிவப்பு விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். அதில் பேச்சே இல்லை. மஞ்சள் எஞ்சின் விளக்கு அசையாமல் எரிகிறது, காரும் வழமைபோல் இழுக்கிறது என்றால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப்போகலாம். இரண்டு மூன்று நாளுக்குள் காட்டினால் போதும்.

அதே மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அங்கே கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் என்ற தேன்கூடு மாதிரியான சாமான் இருக்கிறது. எரியாத பெற்றோல் அதற்குள் போய் எரியும்போது கூடு உருகிவிடும். காரில் மிகவும் விலை கூடிய சாமான்களில் அது ஒன்று. ஓரமாக நிறுத்துங்கள் என்பதுதான் சரியான அறிவுரை. ஆனால் ஒட்டுசுட்டான் – நெடுங்கேணி வீதியில் இரவு எட்டு மணிக்கு மின்னினால், யானைக்குப் பயந்து யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் ஏசியை நிறுத்தி, மிதியை மெல்லத் தொட்டுக்கொண்டு, ஆட்கள் இருக்கிற அடுத்த சந்தி வரைக்கும் மட்டும் போங்கள். பாரம் குறைந்தால் மின்னுவது பெரும்பாலும் நிற்கும். நின்றுவிட்டதே என்று வீடுவரை ஓட வேண்டாம்.

பழுது எண்ணை எழுதி வையுங்கள்

லைற் எரியும்போது காரின் கொம்ப்யூட்டர் ஒரு பழுது எண்ணைப் பதிந்து வைக்கும். ஸ்ரியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 துளை உள்ள சொக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் சொருகுகிற புளூடூத் ஸ்கேனரைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். போனில் ஒரு செயலி போட்டால் எண் வந்துவிடும். பழைய ஜப்பான் கார்கள் சிலவற்றோடு இந்தச் சின்ன ஸ்கேனர் கதைக்காது, பெரும்பாலான மற்றவற்றுக்குப் போதும். எண்ணோடு சேர்த்து, அந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். அதையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டுவார்கள். லைற் போய்விடும். பழுது போகாது, எண்தான் போய்விடும். கொம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த அளவுகளும் சேர்ந்து அழிவதால் சில நாளைக்கு, கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கும் தடுமாறும். பிறகு கார் என்னிடம் வந்தால் நான் இருட்டில் தேட வேண்டியதுதான்.

எண் கையில் வந்ததும் சாமான் வாங்க ஓடாதீர்கள். எந்தச் சாமான் பழுது என்று எண் சொல்வதில்லை. எந்தச் சுற்றில் குழப்பம் என்று மட்டும்தான் சொல்கிறது. நான் இதில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

எலி

மல்லாவியில் இருந்து ஒரு ரீச்சர் வகன் ஆர் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு. பி0135 (P0135) என்ற எண். சைலன்சர் குழாயில் புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சருக்குள் இருக்கும் சூடாக்கியின் சுற்றில் பழுது என்று பொருள். வேறொரு கராச்சில் எண்ணைப் பார்த்த உடனேயே சென்சரை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாளில் லைற் மறுபடி வந்திருக்கிறது. புதுச் சென்சரும் பழுது என்று சொல்லி இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள். "தம்பி, ரெண்டு தரம் காசு குடுத்திட்டன். லைற் போகுதில்லை" என்றார். குரல் தழுதழுத்தது.

சென்சரின் சொக்கெட்டைக் கழற்றினேன். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும்தான் பொதுவாகச் சூடாக்கிக்குப் போகிறவை. மீற்றரை வைத்தால் சில ஓம் காட்டியது, ஆகவே சென்சர் நல்லது. சாவியை ஓனில் வைத்து மறுபக்கச் சொக்கெட்டில் பார்த்தேன். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். எஞ்சினுக்குப் பின்புறம், நெருப்புச் சுவரை ஒட்டிய மூலையில், வைக்கோலும் பொனற்றுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சும் சேர்த்து உள்ளங்கை அளவில் ஒரு கூடு. சுற்றிவர நெல் உமி. கூட்டுக்குக் கீழே மூன்று வயர்களின் தோல் கறண்டப்பட்டுக் கிடந்தது. ஒன்று முழுதாக அறுந்திருந்தது. கார் நிற்கும் கொட்டிலுக்குள்தான் நெல் மூட்டைகளையும் அடுக்கியிருந்தார்கள்.

அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். சற்றுமுன் ஓடிவந்த எஞ்சின் இரவில் கதகதப்பாக இருக்கும். மாசி, பங்குனியில் என் கராச்சுக்கு வரும் லைற்றுகளில் எலி வேலைதான் முதலிடம். ஆகவே அந்த மாதங்களில் லைற் எரிந்தால் எண்ணைப் பார்க்க முதலே பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். உமி, புழுக்கை, வைக்கோல் துண்டு, இவற்றில் எது இருந்தாலும் வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அறுந்த வயரை முறுக்கி ரேப் சுற்றினால் அடுத்த மழையோடு லைற் திரும்பி வரும். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட வேண்டும். தடுப்பதற்கு, நெல்லையும் காரையும் ஒரே கொட்டிலில் வைக்காதீர்கள். இரவில் பொனற்றைத் திறந்து விடுவதும் பயன் தருகிறது. எலிக்கு மறைவு இல்லாமல் போகும். பூச்சி உருண்டை சில நாளைக்கு வேலை செய்யும், எஞ்சின் சூட்டில் கெதியாகக் கரைந்துவிடும். ரீச்சரின் காருக்கு வயர்க்கட்டின் மேல் மெல்லிய கம்பி வலை சுற்றிக் கொடுத்தேன். பிறகு வரவில்லை.

எலிக்கு அடுத்தது வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானபோது, தண்ணீருக்குள்ளால் ஓடிய கார்கள் அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. சொக்கெட்டைக் கழற்றினால் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். சாமான் ஒன்றும் மாற்றத் தேவையில்லை. கொன்ராக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, காய வைத்துப் பூட்டினால் பெரும்பாலும் சரிவரும். பழுதான பற்றரியும், அதில் இருந்து பொடிக்குப் போகும் ஏர்த் வயரின் துருவும் இதே மாதிரித்தான். சம்பந்தமில்லாத நாலைந்து எண்கள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பற்றரியைப் பாருங்கள்.

கொயிலா, பிளக்கா

பி0300 என்றால் பல சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர். கார் நடுங்கும், இழுக்காது. எங்கள் பக்கம் அதிகம் ஓடும் ரொயோட்டா அக்சியோ போன்ற கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதில் பொறி வரச்செய்யும் தனித்தனிக் கொயில் இருக்கிறது. அதனால் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, 10ஆம் நம்பர் ஸ்பனரால் முதலாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள். இரண்டாவதை முதலாவதில் போடுங்கள். எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடுங்கள். பி0301 ஆக இருந்தது பி0302 ஆக மாறினால் பழுது கொயிலில். மாறாவிட்டால் கொயில் நல்லது. அடுத்ததாகப் பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்றுங்கள். அதற்கும் மாறாவிட்டால் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அல்லது சிலிண்டருக்குள் இருக்கவேண்டிய அமுக்கம் (கொம்பிறஷன்). அது கராச் வேலை.

கொயிலை இழுக்கும்போது அதன் ரப்பர் முனையைப் பாருங்கள். ஒயில் பூசியிருந்தால் எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரின் பக்கிங் கசிந்து, பிளக் குழிக்குள் ஒயில் இறங்குகிறது. பக்கிங் மாற்றாமல் கொயில் மட்டும் மாற்றினால் அடுத்த கொயிலும் போகும். பிளக் வாங்கும்போது இரிடியம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், போலி நிறைய வருகிறது. நல்ல இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர் வரை ஓடும்.

புழுதி

பி0171 என்ற எண்ணும் இங்கே அடிக்கடி வரும். எஞ்சினுக்குள் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்று பொருள். கிறவல் வீதியில் நெல் லொறிக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஓடினால் எவ்வளவு புழுதி உள்ளே போகும் என்று சொல்லத் தேவையில்லை. காற்று பில்ரருக்குப் பின்னால், குழாயில், எவ்வளவு காற்றுப் போகிறது என்று அளக்கும் சென்சர் இருக்கிறது. அதற்குள் மயிர்போல் ஒரு சூடான கம்பி. புழுதி படிந்தால் அது காற்றைக் குறைத்துக் கணக்கிடும், பெற்றோலும் குறைந்துவிடும்.

பில்ரரைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஊசித்துளை மாதிரி எங்காவது பளிச்சென்று தெரிந்தாலும் மாற்றுங்கள், கடதாசி கிழிந்திருக்கிறது. ஒரே பில்ரருக்கு ஐந்தாறு தரம் காற்றடித்துப் போடுவதால்தான் அப்படிக் கிழிகிறது. கிறவல் வீதிக் கார்களுக்கு 10,000 கிலோமீற்றருக்கு மேல் ஒரு பில்ரரை நான் விடுவதில்லை. சென்சரைக் கழுவ அதற்கென்றே ஸ்ப்ரே இருக்கிறது. கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது, கொம்பிறஷர் காற்றும் அடிக்கக்கூடாது.

அதற்கும் போகாவிட்டால் எங்கோ காற்று களவாக உள்ளே போகிறது. ஒரு முழ நீளத்தில் ரப்பர் குழாய் எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை எஞ்சினுக்கு மேலுள்ள சிறு குழாய்கள் ஓரமாக நகர்த்துங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பெல்ற்றுக்குக் கிட்டப் போகாதீர்கள். வெடித்த குழாய் உஸ் என்று சத்தம் போடும். குழாய் விலை சில நூறு ரூபாய்தான்.

பெற்றோல்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் எங்களுக்குக் கண்ணால் காண்பதே அரிதான பொருளாக இருந்தது. அப்போது நான் மாமாவின் பட்டறையில் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் பொடியன். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவோம், சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்த எஞ்சின்கள் அதைத் தாங்கின. அந்த நினைவில் சில பெரியவர்கள் இன்றைக்கும் "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஐயா, இன்றைய காருக்கு அது செய்யும். எஞ்சின் தட்டும், பிளக் கறுக்கும், சென்சர் கெடும், லைற் எரியும்.

2022இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்த நாட்களில் கானில் சேர்த்து வைத்த பெற்றோலைப் பல மாதம் கழித்து ஊற்றிய கார்களும் வந்தன. பழைய பெற்றோலுக்குப் புளித்த மாதிரி ஒரு மணம் இருக்கும், நிறமும் மங்கியிருக்கும். பெற்றோல் அடித்த அன்றோ மறுநாளோ லைற் எரிந்தால் அதை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். பில்லையும் வைத்திருங்கள். லைற் எரிந்தால் பெற்றோல் ராங்க் மூடி தளர்ந்திருக்கிறதா பாருங்கள் என்றுதான் இன்ரநெற்றில் முதலாவதாகச் சொல்வார்கள். அந்தக் கதை அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கார்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். இங்கே ஓடும் ஜப்பான் கார்களில் மூடி தளர்ந்து லைற் எரிந்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஆனாலும் இறுக்கிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

கழற்றி எறிந்த சாமான்கள்

பி0128 என்றால் எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை. வன்னி வெயிலில் இது எப்படி என்று கேட்பார்கள். சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு மெக்கானிக், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருப்பார், அதுதான் காரணம். ஏ9இல் காற்று அடிக்க ஓடும்போது எஞ்சின் குளிர்ந்துவிடும். கொம்ப்யூட்டர் இன்னும் காலைநேர எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டி விடும். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடத்தான் செய்யப்பட்டது. கழற்றியதைத் திரும்பப் போடுங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம். எங்கள் கேத்தல்களுக்குள் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் அங்கேயும் படிந்து எஞ்சினைச் சூடாக்குகிறது.

பி0420 கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் பற்றியது. இந்த எண்ணுக்காகக் கொன்வேர்ட்டரை உடனே மாற்ற வேண்டாம். அதற்கு முன்னால் சைலன்சர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, கொன்வேர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சர் நல்லதா, எஞ்சின் ஒயில் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கிய சத்தம் வந்தால் உள்ளே கூடு உடைந்துவிட்டது. ஒரு முறை தட்டியபோது சத்தமே இல்லை, வெறும் தகரம்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே கூடு இல்லை. முன்பு வேலை செய்த இடத்தில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதில் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பதால் நல்ல விலைக்குப் போகும். உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. சைலன்சர் வேலைக்குக் காரைக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். புகைப் பரிசோதனை நேரத்திலும் இது உங்களைத்தான் பாதிக்கும்.

ஹைபிரிட் கார்களில் பி0ஏ80 வந்தால் பெரிய பற்றரி நலிந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் காசு கட்ட முதல், பின் சீற்றுப் பக்கம் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தைப் பாருங்கள். புழுதியும் துணி நூலும் அடைத்துக்கொண்டு பற்றரி சூடாகியே பல கார்களில் இந்த நிலை வருகிறது. துவாரத்தைத் துடைப்பதோடு நில்லுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக்கூடாது. பிரியஸின் பற்றரியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாவியை ஓனில் வைத்து, ஸ்ரார்ட் பண்ணாமல் பாருங்கள். செக் எஞ்சின் லைற் எரிய வேண்டும். ஸ்ரார்ட் பண்ணியதும் அணைய வேண்டும். ஓனில் வைத்தும் எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஒயில் லைற்றோடு அதே நொடியில் சேர்ந்து அணைந்தால், பழுதை மறைக்க அதன் வயரை ஒயில் லைற்றின் வயரோடு மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஸ்கேனர் சொருகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் எண்ணை அழித்துவிட்டு உடனே சந்தோஷப்பட வேண்டாம். பல பழுதுகளை கொம்ப்யூட்டர் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கண்ட பிறகுதான் லைற்றைப் போடும். நான் ஆட்களை முறிகண்டி வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொல்வேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, எஞ்சின் கொஞ்சம் ஆறியபின் திரும்பி வருவார்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினோடு மறுநாள் காலையில் இன்னொரு ஓட்டம். அதன் பிறகு ஸ்கேனரைச் சொருகி, இன்னும் லைற்றைப் போடாமல் காத்திருக்கும் எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால்தான் வேலைக் காசு வாங்குவேன்.